ஒரே பெட்டிக்குள் இரண்டு நேரம்

படகில் எல்லோரும் அவளை மிதப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். திமிர் பிடித்தவள் என்று அர்த்தமில்லை. திமிருக்கும் அவளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நடந்தால் கால் தரையில் பட்டும் படாமலும் போகும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் எங்கோ கிளம்பிப் போய்விடும். இரண்டு தடவை கூப்பிட்டால் காதில் விழாது, மூன்றாவது தடவைதான் "ம்?" என்று திரும்புவாள். சின்ன வயதில் அண்ணன் வைத்த பெயர் அது. ஆற்றைக் கடக்கிற பயணிகள் படகில் டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்ததும், பேர் வைத்தவன் தீர்க்கதரிசி என்று வீட்டில் சிரித்தார்கள்.

முப்பதைத் தாண்டிப் பல வருஷம் ஆகிவிட்டது. கல்யாணம் வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வேண்டும் என்றும் சொன்னதில்லை. கேட்டவர்கள்தான் பதிலுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், தங்கள் பிள்ளைகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டில் அவளும் அண்ணியும்தான். அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பாதிக்கு மேல் தண்ணீரில் இருப்பான். நாத்தனாரும் அண்ணியும் தனியாக ஒரே வீட்டில் இருந்தால் அடுப்பு பற்றவைக்காமலே தண்ணீர் கொதிக்கும் என்று சொல்வார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. சண்டை போட இரண்டு பேர் வேண்டும் இல்லையா? அண்ணி ஆரம்பிப்பாள், மிதப்பு பாதியில் ஜன்னலைப் பார்க்கப் போய்விடுவாள். அண்ணி தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டு, தானே சமாதானமும் ஆகிவிடுவாள்.

அண்ணிக்கு எம்ப்ராய்டரி வேலை. முன்னறை முழுக்க நூல்கண்டுகள், துணியை இழுத்துப் பிடிக்கிற வட்டச் சட்டங்கள், நடுவில் தலை ஆட்டிக்கொண்டே இருக்கும் தையல் மெஷின். பள்ளிக்கூடச் சட்டைகளுக்குச் சின்னம், ஹோட்டல் துண்டுகளுக்குப் பெயர். டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் ஜன்னலோரம் ஒரு பழைய மேஜையில், தைத்துப்போட்ட உறையோடு, வீட்டுப் பெரியவர் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதிலிருந்த தையல் மென்பொருள் பழங்காலத்து சரக்கு. அதைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள், கொடுத்த சிடியும் உடைந்துவிட்டது. பெட்டிக்குள் இருப்பது போனால் போனதுதான். அதனால் அண்ணி அந்தப் பெட்டியைத் தூசி தட்டும்போதுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தட்டுவாள்.

அப்படிப்பட்ட பெட்டியில் மிதப்பு கைவைக்கும்படி ஆனது டெலிபோன்காரரால்.

டெலிபோன்காரர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. தினமும் காலையில் படகில் ஏறி, பின்பக்க பெஞ்சில் உட்கார்ந்து, தடியைக் காலுக்கு நடுவில் நிறுத்திக்கொள்வார். அவர் ஏறுகிற கரையிலிருந்து கிளம்பிய பிறகு படகு மூன்று துறைகளில் நிற்கும்: மார்க்கெட் துறை, ஆஸ்பத்திரித் துறை, மில் துறை. இரண்டாவது நிறுத்தம் வந்ததும் எழுந்து இறங்கிப்போவார். யாரும் கை கொடுக்க வேண்டியதில்லை, கொடுத்தாலும் பிடிக்காது.

ஒருநாள் மார்க்கெட் துறையில் இறங்கு பலகை உடைந்துவிட்டதால் படகு அங்கே நிற்காமல் போனது. ஆஸ்பத்திரித் துறையில் நின்றபோது அவர் கணக்குக்கு அது முதல் நிறுத்தம். அடுத்ததில் எழுந்தார். மிதப்பு "மில் துறை, மில் துறை" என்று சொல்லத்தான் செய்தாள். இன்ஜின் சத்தம் அதை அப்படியே விழுங்கிவிட்டது. படகு கிளம்பி நடு ஆற்றுக்கு வந்த பிறகுதான், மில் சுவரைத் தடவிக்கொண்டு போகிற அந்தத் தடியை அவள் பார்த்தாள்.

"அண்ணே, திருப்புங்க! டெலிபோன் சார் தப்பா இறங்கிட்டாரு!"

"படகும்மா இது, சைக்கிள் இல்ல. நெனச்ச இடத்துல ஒடிச்சுத் திருப்ப" என்றார் படகு டிரைவர். அவர் நல்லவர்தான். ஆனால் எதிரே மணல் ஏற்றிய தோணி வந்துகொண்டிருந்தது.

அடுத்த நடையில் போய்ப் பார்த்தால், மனிதர் மில் துறை பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார்.

"டிக்கெட்டம்மா, ஆஸ்பத்திரியை வேற இடத்துக்கு மாத்திட்டாங்களா?"

"நான் கத்தினேன் சார். உங்களுக்குக் கேக்கல."

"உங்க குரலு கத்துற குரலா? கொசுகூட 'என்ன சொன்னீங்க'ன்னு திருப்பிக் கேக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சட்டைக் கையில் கறுப்பாக ஒரு நீளக் கறை இருந்ததை அவள் பார்த்தாள். மில் வாசலில் லாரிகள் பின்பக்கமாக வரும். ஒரு லாரி அவரை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை; மில் காவலாளி சொன்னார்.

அன்றைக்கு முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுச் சில்லறையை மறந்தாள், சில்லறையைக் கொடுத்துவிட்டு டிக்கெட்டை மறந்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டால் எந்தத் துறை என்று தெரிந்துவிடும். மார்க்கெட் துறையில் கூடைகளை இறக்குகிற பொத் பொத் சத்தம். ஆஸ்பத்திரித் துறையில், படகு கட்டுகிற இரும்பு வளையம் தூணில் மோதி டிங் என்று ஒரு ஓசை கொடுக்கும், அது தண்ணீர் மேல் கொஞ்ச தூரம் நடந்துபோய்க் கரையும். மில் துறையில் பலகைகளுக்கு அடியில் தண்ணீர் புகுந்து வெளிவருகிற களக் களக். இத்தனை வருஷமாக அவள் மிதந்தது சும்மா இல்லை. அந்தச் சத்தங்களில்தான் மிதந்துகொண்டிருந்தாள். ஆனால் படகு நின்று இன்ஜின் அடங்கினால்தான் அவை கேட்கும், அதற்குள் ஆட்கள் இறங்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சத்தங்களையே எடுத்து, பெரிதாக்கி, துறை வருவதற்கு முன்னால் படகு ஸ்பீக்கரில் போட்டால் என்ன?

போனில் பதிவு செய்தாள். எல்லாவற்றிலும் இன்ஜின் உட்கார்ந்துகொண்டு உறுமியது. வெட்டி ஒட்ட, இரைச்சலை வடிகட்ட போன் போதாது.

படகில் அடிக்கடி வருகிற ஒரு பெண்மணி உண்டு. மார்க்கெட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். வாடிக்கையாளர் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்வாள். எல்லோரும் ரிப்பேரக்கா என்பார்கள். மிதப்பு அவளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"சத்த வேலைக்கு இலவசமாவே நல்ல மென்பொருள் இருக்கு. ஆனா உங்க வீட்டுப் பெட்டில இருக்கிற பழைய சிஸ்டத்துல அது ஏறாது" என்றாள் ரிப்பேரக்கா.

"பழசை எடுத்தா அண்ணி என்னை வீட்டை விட்டு எடுத்துடுவாங்க."

"எதுக்கு எடுக்கணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க் வட்டுல கொஞ்சம் இடத்தைப் பிரிச்சு, பக்கத்துலயே லினக்ஸ்னு இன்னொரு சிஸ்டத்தைப் போடு. பெட்டியைத் தொறக்கும்போது எது வேணும்னு கேக்கும். ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு தூங்கும்." மடியிலிருந்த பெட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தொடர்ந்தாள்: "ஒரே ஒரு விஷயம். இடத்தைப் பிரிக்கும்போது, எவ்வளவு முடிஞ்சுதுன்னு காட்ட திரையில ஒரு கோடு ஓடும். அது முடியற வரைக்கும் கரண்ட் போகக் கூடாது. வீடு மாத்தும்போது சாமானெல்லாம் நடுத்தெருவுல கெடக்கும் இல்ல, அந்த மாதிரி நேரம் அது."

பென் டிரைவில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தாள்.

அண்ணியிடம் சொல்வதற்குத்தான் மிதப்புக்கு மூன்று நாள் பிடித்தது.

"ஒரு உறையில ரெண்டு கத்தியா?" என்றாள் அண்ணி, மெஷினை நிறுத்தாமலே.

"நாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல இல்லையா அண்ணி?"

"அதான் தெனமும் பாக்குறேனே, அந்த லட்சணத்தை."

"டிசைனெல்லாம் தனியா நகல் எடுத்து வெச்சுடறேன். அண்ணன் அனுப்பின போட்டோவும்."

"டிசைனு இருந்து என்ன பண்ண? அதைத் தொறக்கிற சாவி பெட்டிக்குள்ள இருக்கு. அது போச்சுன்னா நான் கையால தைக்கணும். கண்ணு இருக்கா எனக்கு?" என்று சொன்ன அண்ணி, கண் என்ற வார்த்தையைச் சொன்னதும் மெஷினை நிறுத்தினாள். டெலிபோன்காரர் கதையை மிதப்பு ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அண்ணி நூலைக் கடித்துத் துப்பினாள். "லீவு நாள்ல பண்ணு. நான் பக்கத்துலயே இருப்பேன்."

மிதப்புக்கு வார விடுமுறை நாள். பகல் சாப்பாடு முடிந்த நேரம். வெளியே வெயிலோடு சேர்ந்தே மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பியில் சொட்டுகள் ஒளிந்து ஒளிந்து மின்னின. மிதப்பு நகலெல்லாம் எடுத்து முடித்து, பென் டிரைவைச் செருகி, பெட்டி விழிக்கும்போதே ரிப்பேரக்கா சொன்ன பொத்தானை அழுத்தினாள். வழக்கமான நீலத் திரைக்குப் பதிலாக வேறு நிறத்தில் ஒரு திரை மெல்ல விடிந்தது. "பழைய சிஸ்டத்துக்குப் பக்கத்தில் நிறுவு" என்ற வரியை அவள் தேர்ந்தெடுத்தாள். வட்டு ஒரு நீளமான பட்டையாகத் திரையில் வந்தது. நடுவே ஒரு பிடி. அதை இழுத்தால் ஒருபக்கம் குறையும், மறுபக்கம் கூடும்.

"அவ்வளவு எதுக்கு உனக்கு? கொஞ்சம் தள்ளு. இன்னும் தள்ளு" என்றாள் அண்ணி, ரயிலில் சீட்டுக்கு இடம் கேட்கிறவள் மாதிரி. கடைசியில் மிதப்புக்கு ஒரு மூலை கிடைத்தது. போதும். சத்தத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

கோடு ஓடத் தொடங்கியது. நத்தை அதைவிட வேகமாகப் போகும். அண்ணி தன் மெஷினுக்குப் போனாள். ஹோட்டல்காரர்களின் பெரிய துண்டு ஒன்று சட்டத்தில் மாட்டியிருந்தது, தங்க நிற நூலில் ஹோட்டல் பெயர் பாதி வந்திருந்தது. மெஷின் டக டகவென்று ஓட, கோடு ஊர, மழை தூற, மிதப்பின் கண் செருகியது.

அப்போதுதான் விசிறி நின்றது.

மேஜைக்கு அடியில் இருந்த யூபிஎஸ் வீல் என்று கத்தியது. அதன் பேட்டரி கிழடு தட்டிப்போனது. கம்ப்யூட்டரும் தையல் மெஷினும் இரண்டும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. நடுவில் நின்றால் துணி வீணாகும் என்பதற்காக அண்ணிதான் அப்படி மாட்டி வைத்திருந்தாள்.

மிதப்பு கோட்டைப் பார்த்தாள். பாதிதான் வந்திருந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றாள் அண்ணி.

"ரெண்டும் ஓடினா தாங்காது அண்ணி."

அண்ணி ஒரு கணம் துண்டைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தன் மெஷினின் பிளக்கை வேரோடு பிடுங்குகிற மாதிரி பிடுங்கினாள். ஊசி துணிக்குள் குத்தியபடியே நின்றது. தங்க நூல் அறுந்து சுருண்டது.

"அண்ணி! துண்டு..."

"துண்டு கெடக்கு. அந்தத் திரையையும் அணை. அது வேற கரண்டைக் குடிக்கும்."

திரையை அணைத்தார்கள். அறையில் மழை வெளிச்சம் மட்டும் இருந்தது. யூபிஎஸ் இடைவெளி விட்டு விட்டுக் கத்தியது. கோடு தெரியவில்லை, எதுவும் தெரியவில்லை. மிதப்பு தரையில் உட்கார்ந்து, பெட்டியின் தகட்டில் காதை வைத்தாள். உள்ளே பழைய வட்டு சுழல்கிற, இழை மாதிரி மெல்லிய ஒரு ரீங்காரம். அதன் நடுவே, வட்டைப் படிக்கிற முள் இங்கிருந்து அங்கே தாவுகிற கிறுக் கிறுக். யாரோ இருட்டில் ஓசைப்படாமல் பாத்திரங்களை ஓர் அலமாரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொல்லுது?" அண்ணி கிசுகிசுத்தாள்.

"நடக்குது."

"இப்ப?"

"எடுத்து வெச்சுக்கிட்டே இருக்கு அண்ணி. பொறுமையாத்தான் இருக்கு."

அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பயத்தில் மிதப்பின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. யூபிஎஸ்ஸின் கத்தல்கள் நெருங்கி நெருங்கி வந்தன. மிதப்புக்கு விநோதமாகப் பயம் போய்விட்டது. அந்தக் கிறுக் கிறுக் சத்தம் அவளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அண்ணி வரைந்த பூக்கள், பள்ளிக்கூடச் சின்னங்கள், அண்ணன் ஏதோ ஒரு துறைமுகத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற போட்டோ எல்லாம் வரிசையாக மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நகர்கிற மாதிரி, நகர்ந்து அவளுக்கு ஒரு மூலையைக் காலி செய்கிற மாதிரி. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. விசிறி ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கியபோது, அண்ணி விசும்புகிற சத்தம்தான் முதலில் கேட்டது.

"அழறீங்களா?"

"தூசி. பெட்டியில அவ்வளவு தூசி. தொடைக்கிறியா என்னிக்காவது?"

எல்லாம் முடிந்து பெட்டி திரும்ப விழித்தபோது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலைந்து வரிகள் வந்தன. மேல் வரி புதியது, கீழ் வரி பழையது. எதையும் தொடாமல் சும்மா இருந்தால், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதுவாகவே மேல் வரிக்குப் போய்விடும். அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியைக் கீழே இறக்கி அழுத்தினாள். பழைய நீலம் வந்தது. தையல் மென்பொருள் திறந்தது. எல்லாப் பூக்களும் இருந்தன. அண்ணி எழுந்துபோய் டீ போட்டாள். அந்தப் பாதிப் பெயர் துண்டு அன்றிலிருந்து சமையலறையில் கை துடைக்கிற துண்டாயிற்று.

புதிய பக்கத்தில் மிதப்பு தன் மூலையை மெல்ல ஒழுங்கு செய்துகொண்டாள். வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம், வந்த பிறகு கொஞ்ச நேரம். சத்தம் அங்கே திரையில் அலை அலையாகத் தெரிந்தது. இன்ஜினின் உறுமல் கீழே தடித்த புல்வெளி மாதிரி. அதற்கு மேலே வளையத்தின் டிங் ஒற்றைத் தண்டு மாதிரி நிமிர்ந்து நிற்கும். புல்லை வெட்டி வெட்டித் தண்டை மட்டும் விட்டாள். காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் நாற்காலியே மெல்ல ஆடுகிற மாதிரி இருக்கும்.

ஒரு சின்னக் கோளாறு மட்டும் இருந்தது. புதிய பக்கத்தில் கடிகாரம் பல மணி நேரம் முன்னால் ஓடியது. அவள் அதைச் சரியாக வைத்தாள். மறுநாள் அண்ணியின் பக்கத்தில் பார்த்தால், கடிகாரம் அதே அளவு பின்னால் போயிருந்தது. ஒருத்தியைச் சமாதானப்படுத்தினால் இன்னொருத்தி முறுக்கிக்கொள்கிற கதை.

படகில் ரிப்பேரக்காவிடம் கேட்டபோது அவள் சிரித்தாள். "எல்லா வீட்லயும் நடக்கிறதுதான். பெட்டிக்குள்ள இருக்கிறது ஒரே ஒரு கடிகாரம். அதுல இருக்கிறது நம்ம ஊர் மணின்னு பழசு நெனைக்குது. உலகத்துக்குப் பொதுவா ஒரு மணி இருக்கு இல்ல, அதைத்தான் புதுசு அதுல வைக்கும். அப்புறம் நம்ம ஊருக்குக் கணக்குப் போட்டுக் காட்டும். ரெண்டுக்கும் ஒரே வழக்கத்தைச் சொல்லிக் குடுத்துட்டா சரியாயிடும். ஒரே வரிதான்." ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் மிதப்பு அந்தச் சீட்டோடு உட்காரப்போனபோது அண்ணி அங்கே இருந்தாள். மெஷின் ஓடவில்லை. டிசைன் எதுவும் திறந்திருக்கவில்லை. திரையின் மூலையில் இருந்த அந்தச் சின்னக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நகருங்க அண்ணி, அதைச் சரி பண்ணிடறேன். தப்பா காட்டுது."

"யாருக்குத் தப்பு?"

மிதப்புக்குப் புரியவில்லை.

"உங்கண்ணன் இருக்கிற ஊர்ல இப்ப மணி இதுதான்" என்றாள் அண்ணி. குரல் வேறு மாதிரி இருந்தது. "விரல் விட்டு எண்ணிப் பாத்தேன். அப்படியே இருக்கு."

அண்ணனின் கப்பல் தூரத்துத் துறைமுகம் ஒன்றில் ரிப்பேருக்காக மாதக்கணக்கில் கட்டிக் கிடந்தது. அண்ணி போன் பண்ணுவதற்கு முன்னால் எப்போதும் விரல்களை மடக்கி மடக்கி எண்ணுவாள். பாதி நாள் தப்பாக எண்ணி, அவன் தூங்குகிறபோது எழுப்பிவிட்டு, அதற்கும் அவனையே திட்டுவாள். இப்போது எண்ண வேண்டியதில்லை. முன்னறை மூலையிலேயே அவனுடைய பொழுது ஓடிக்கொண்டிருந்தது.

"காலைல நான் மெஷினைப் போடும்போது அவரு நல்லாத் தூங்கிட்டிருப்பாரு" என்றாள் அண்ணி. "எனக்கு மத்தியானம் தூக்கம் வரும்போது அவரு டீ குடிக்கிறாரு. பாத்துக்கிட்டே தைச்சா, பக்கத்து ரூம்ல இருக்கிற மாதிரி இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே."

மிதப்பு சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அண்ணி இப்படியெல்லாம் பேசுவாள் என்று அவளுக்குத் தெரியாது. மிதக்கிறவள் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள்.

"நெனச்சுச் சிரிக்காத" என்றாள் அண்ணி.

"சிரிக்கல அண்ணி."

"உங்கண்ணன்கிட்ட சொல்லாத. அப்புறம் தலை கால் புரியாது அவருக்கு."

மூன்று சத்தங்களும் தயாரானதும், படகு டிரைவரின் சின்ன ஸ்பீக்கரில் டெலிபோன்காரருக்குப் போட்டுக் காட்டினாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். மார்க்கெட் கூடைக்குத் தலையாட்டினார். மில் துறைத் தண்ணீருக்கு முகத்தைச் சுளித்தார்.

"இது என்னம்மா, தவளைக்கு ஜலதோஷமா?"

படகில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். மறுபடி போய்ப் பலகைக்கு அடியில் கையை நீட்டிப் பதிவு செய்து, மறுபடி வெட்டி, மறுபடி கொண்டுவந்தாள். இரண்டாவது தடவை "பரவால்ல, தவளை தேறிடுச்சு" என்றார். ஆஸ்பத்திரி வளையத்தின் டிங் வந்தபோது மட்டும் அவர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். திரும்பப் போடச் சொன்னார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"இதுக்குப் பக்கத்துலதான் தெனமும் இறங்குறேன். இது இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றார். "நான் இறங்கற அவசரத்துல இருப்பேன்."

துறை மேலாளர் ஆரம்பத்தில் முணுமுணுத்தார். "பஸ்ல ஸ்டாப் பேரு சொல்றாங்க. நீ டிங்குங்கிறே, பொத்துங்கிறே, இது படகா, பாட்டுக் கச்சேரியா?" என்றார். படகு டிரைவர்தான் அவரை ஒருநாள் கண்ணைக் கட்டி உட்காரவைத்துச் சத்தங்களைப் போட்டுக் காட்டினார். மேலாளர் மில் துறையில் சரியாக எழுந்து, பெருமையோடு நடந்து, தண்ணீரில் கால் வைக்கிற தருணத்தில் மிதப்பு சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சத்தம் சரியாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல" என்று அவர் ஒப்புக்கொண்டார். அடுத்த வாரமே மூன்று சத்தமும் படகு ஸ்பீக்கரில் ஏறின. டெலிபோன்காரருக்காகப் போட்டது, நாளாக ஆக எல்லோருக்கும் பழகிவிட்டது. வேலை முடிந்து தூங்கி வழிகிற மில் ஆட்கள் களக் களக் கேட்டதும் கண்ணைத் திறக்காமலே எழுந்து நிற்பார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயம் அண்ணனின் கப்பல் கிளம்பியது. அவன் போனில் சொன்னான்: கிழக்கே போகிறோம், தினமும் கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளச் சொல்கிறார்கள், தூக்கமே கெட்டுப்போகிறது என்று. அண்ணி 'ம்', 'ம்' என்று கேட்டுக்கொண்டாள். அடுத்த சில நாட்கள் தைக்கும்போது திரை மூலையைப் பார்ப்பதும், விரலை மடக்குவதும், உதட்டைப் பிதுக்குவதுமாக இருந்தாள். ஒருநாள் மிதப்பு வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அண்ணி சொன்னாள்:

"அந்த மணியைச் சரி பண்ணிடு."

"இருக்கட்டும்னீங்களே?"

"அது இனிமே யாரோட மணியும் இல்ல. உங்கண்ணன் அங்கேருந்து கிளம்பிட்டாரு. யாருமில்லாத ஊர் மணியைப் பாத்துக்கிட்டு எதுக்குத் தைக்கணும்?" பிறகு, நூலைக் கோத்துக்கொண்டே, "நம்ம வீட்டு மணியையே வை. வரும்போது அவரு அதுக்கு வந்துதானே ஆகணும்" என்றாள்.

மிதப்பு புதிய பக்கத்தைத் திறந்து, ரிப்பேரக்கா எழுதிக் கொடுத்த வரியைத் தட்டினாள். பிறகு அண்ணியின் பக்கத்தில் மணியைத் திருத்தினாள். இரண்டு பக்கத்திலும் ஒரே சாயங்காலம் வந்து உட்கார்ந்தது. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, சரிதான் என்பது போலத் தலையசைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து ஆற்றின் மேற்பக்கம் ஒரு புதிய துறை திறந்தார்கள். "அதுக்கும் ஒரு சத்தம் பண்ணிக் குடும்மா" என்று மேலாளரே கேட்டார். விடுமுறை நாளில் மிதப்பு போனை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். துறை முழுக்கப் புத்தம் புது சிமெண்ட். ஓரமெல்லாம் ரப்பர் வளையங்கள். பலகை இல்லை, இரும்பு இல்லை, படகு வந்து ஒட்டினால்கூட ஒரு முனகல் கிடையாது. அவள் படியில் உட்கார்ந்து காதைத் தீட்டினாள். ஒன்றும் இல்லை. தூரத்தில் ஒரு நாய் குரைத்துவிட்டு யோசித்து நிறுத்திக்கொண்டது. வெயில் தண்ணீர் மேல் சரிந்து, படிக்கட்டின் அடியில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பிறக்காத ஒரு ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

ஒரு படகு வந்து நின்றது. "ஏறலையாம்மா?" என்று கேட்டார்கள். இல்லை என்று கையசைத்தாள். அது போய், அடுத்ததும் வந்து போயிற்று. மிதப்பு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, இன்னும் வராத சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அவசரம் ஒன்றும் இல்லை.